வேலையும் தூக்கமும் போக மிச்சமெல்லாம் ஓய்வா?

தக்கலை வாசகர் | 24 மே 2025, இரவு 9.40

படிப்பகம் சார்பில் ஜூன் மாதம் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளில் எவ்வளவு ஓய்வு நேரம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. சூத்திரம் எளிது: 24 மணி நேரத்தில் வேலையைக் கழி, தூக்கத்தைக் கழி, மிச்சம் ஓய்வு. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என்று ராபர்ட் ஓவன் 1817-ல் பிரித்ததும் இதேதான். 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று வரம்பு கட்டியதும் இதை வைத்துத்தான். ஓட்டை இருந்தால் படிவம் அச்சுக்குப் போகும் முன்னே சொல்லுங்கள்.

கீரிப்பாறை | 24 மே, இரவு 10.25

இருக்கிறது அண்ணாச்சி. இந்தக் கழித்தல் ரப்பர் மரத்துக்குப் பொருந்தும், பால் வெட்டுகிற ஆளுக்குப் பொருந்தாது.

மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்றால் தோட்டத்தை மூன்று பிளாக்காகப் பிரிப்பார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 300 முதல் 400 மரம். திங்கள் முதல் பிளாக், செவ்வாய் இரண்டாவது, புதன் மூன்றாவது, வியாழன் மறுபடி முதல் பிளாக். ஆக ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு நாள் ஓய்வு. வடிந்த பாலை மரம் திரும்ப உண்டாக்க அந்த நேரம் வேண்டும். கொடுக்காமல் தினம் வெட்டினால் பட்டை மரத்துப்போகும், பிறகு கத்தி பட்டாலும் பால் வராது.

வெட்டு விடியும் முன் நடக்க வேண்டும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கிடக்கும், பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கி வடிப்பு சீக்கிரம் நின்றுவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவு 2, 3 மணிக்கே தோட்டத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. வெட்டி முடித்தபின் சிரட்டை நிறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரம் உங்கள் சூத்திரப்படி ஓய்வு. ஆள் திண்ணையில்தான் இருப்பார், கட்டன்சாயா குடிப்பார். ஆனால் காது மழைக்குத்தான் இருக்கும். ஒரு மழை இறங்கினால் சிரட்டையில் தண்ணீர் விழுந்து பால் வழிந்துவிடும், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

தேரூர் டீச்சர் | 25 மே, காலை 7.15

சொல்லிலிருந்து தொடங்கினால் குழப்பம் கொஞ்சம் தெளியும். ‘ஓய்’ என்றால் நின்றுபோதல், தளர்தல். மழை ஓய்ந்தது, காற்று ஓய்ந்தது, ஆள் ஓய்ந்துபோனார். ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ஓய்வூதியமும் அப்படியே: வேலை நின்றதற்கு வரும் பணம்.

‘பொழுதுபோக்கு’ வேறு. பொழுது தானாகப் போகவில்லை, நாம் போக்குகிறோம். செய்கிற ஆள் ஒருவர் அங்கே உண்டு. எல்லைக்கு அந்தப்புறம் மலையாளத்தில் ‘ஒழிவு’ என்கிறார்கள், ஒழிந்து கிடக்கும் நேரம். இந்த மூன்றையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கப் பார்க்கிறது உங்கள் சூத்திரம்.

கீரிப்பாறை | 25 மே, காலை 8.05

இரவு எழுதியதில் ஒரு திருத்தம். ஞாயிறு வெட்டு இல்லை என்பதைச் சேர்க்க மறந்தேன். முதல் பிளாக் திங்கள், வியாழன். இரண்டாவது செவ்வாய், வெள்ளி. மூன்றாவது புதன், சனி. எந்த மரமானாலும் ஓர் இடைவெளி இரண்டு நாள், அடுத்தது மூன்று நாள். அதாவது வாரத்தில் மரத்துக்கு 5 நாள் ஓய்வு, ஆளுக்கு 1. பிளாக்கை மூன்றாகப் பிரித்ததே மரத்தை ஓய்வில் விட்டு ஆளை ஓயாமல் வைக்கத்தான்.

தக்கலை வாசகர் | 25 மே, பகல் 11.50

மழைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் ‘காத்திருப்பு’ என்று தனிக் கட்டமாக்கிவிட்டால் தீர்ந்ததா?

கீரிப்பாறை | 25 மே, பகல் 12.10

தீராது. வெட்டே இல்லாத நாளும் வருமே. இலை உதிர்ந்து தளிர்க்கும் மாசி, பங்குனியில் பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பாவாடை கட்டி, தாரால் ஒட்டி, நீர் இறங்காமல் அடைக்காத மரத்தில் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டுப் பரந்து வழியும், சிரட்டைக்கு வராது. இந்தமுறை பருவமழை மே 24-லேயே கேரளத்தைத் தொட்டுவிட்டது, பாவாடை கட்டி முடிக்காத தோட்டங்கள் ஏராளம். அந்த ஆட்களுக்கு இப்போது வேலையும் இல்லை, கூலியும் இல்லை. உங்கள் சூத்திரம் அவர்களுக்கு நாளுக்கு 16 மணி நேரம் ஓய்வு என்று காட்டும்.

குளச்சல் துறை | 25 மே, இரவு 8.30

கடற்கரையிலும் அதே கதைதான். தடைக்காலம் 61 நாள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டு கரையையும் பார்ப்பதால் சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு வேறு கணக்கு. தடை விசைப்படகுக்கு. வள்ளமும் கட்டுமரமும் போகலாம்.

தடை என்றதும் படகு ஆட்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட வேண்டும், வெடிப்பை அடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், வலையில் அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். வருஷத்தில் இதற்கெல்லாம் கிடைக்கும் இடம் அந்த 61 நாள்தான். தடை மீன் இனப்பெருக்கத்துக்கு. மலையில் மரத்துக்கு ஓய்வு என்றால் இங்கே மீனுக்கு ஓய்வு.

ஒன்று மட்டும் உண்மையான ஓய்வு என்று சொல்வேன்: ஞாயிறு. இந்தக் கரையில் பல ஊர்களில் ஞாயிறு கடலுக்கு இறங்குவதில்லை. கடல் எவ்வளவு நன்றாகக் கிடந்தாலும் இறங்கமாட்டார்கள். மாலையில் மணலில் பந்து ஆடுகிறவர்களைப் பாருங்கள், ஒருவர்கூடக் கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கள்ளக்கடல் (திடீர் அலைப்பெருக்கு) எச்சரிக்கை வந்து படகை மேலே இழுத்துப் போட்ட நாளில் அதே ஆட்கள் அதே மணலில் சீட்டு ஆடுவார்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலை கடல் பக்கம் திரும்பும்.

தேரூர் டீச்சர் | 26 மே, காலை 6.40

குளச்சல்காரர் சொன்ன அந்தத் தலைத்திருப்பலில்தான் வரையறை இருக்கிறது என்று தோன்றுகிறது. படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: அந்த நேரத்தில் உங்களை எழுப்ப யாருக்கு, எதற்கு அதிகாரம் இருந்தது? மழைக்கா, கடலுக்கா, முதலாளிக்கா, அடுப்புக்கா? எதற்கும் இல்லை என்றால்தான் ஓய்வு.

தோவாளை | 26 மே, இரவு 10.15

டீச்சர் கேள்வி சரி. ஆனால் படிவத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் நேரக்குறிப்பு எடுக்கிற முறை தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசு 2019-லும் 2024-லும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் முறை இது. முந்தைய நாள் காலை 4 மணி முதல் பேட்டி நாள் காலை 4 மணி வரை 24 மணி நேரத்தை அரைமணி அரைமணியாக 48 கட்டமாகப் போடுவார்கள். 6 வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் கேட்பார்கள். ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வேலை நடந்தால் எல்லாவற்றையும் குறித்து, எது முதன்மை என்று அடையாளம் இடுவார்கள். பிறகு ஒன்பது பெரும்பிரிவு. 1 சம்பள வேலை, 2 சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி, 3 சம்பளமில்லா வீட்டுவேலை, 4 பராமரிப்பு, 5 தொண்டு, 6 கல்வி, 7 பழகுதல், சமூகக் காரியம், வழிபாடு, 8 பண்பாடு, ஓய்வு, ஊடகம், விளையாட்டு, 9 தூக்கம், உணவு, உடல் பேணல்.

எட்டாம் பிரிவு 2019-ல் நாளில் 9.9 சதவீதம், 2024-ல் 11. அந்த 11 என்பது சுமார் 2 மணி 38 நிமிடம். கவனிக்கவேண்டியது: கோயில், திருவிழா, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் ஏழில் போய்விட்டன. இந்த எண்ணில் அவை இல்லை. அதே 2024 கணக்கில் வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது 289 நிமிடம், ஆண்கள் 88.

இப்போது கடினமான கட்டத்துக்கு வருகிறேன். இரவு 8 மணி, டிவியில் தொடர் ஓடுகிறது. எதிரே உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஈரத்துணி, துணியில் பூ. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், காம்பைச் சேர்த்து ஒரு சுற்று, ஓர் இழுப்பு. கண் திரையை விட்டு நகராது, விரல் நிற்காது. கூலி கட்டின அளவுக்கு. இங்கே முதன்மை 1, துணை 8. கேள்வி கேட்கிறவர் ‘என்ன செய்தீர்கள்’ என்றால் அவர் சொல்லப்போவது ‘டிவி பாத்துட்டு சும்மா இருந்தேன்’. அப்படியே எழுதினால் அரைமணி முழுவதும் ஓய்வுக் கணக்கில் ஏறிவிடும். அதனால் ‘சும்மா’ என்ற விடையை ஏற்கவே கூடாது. ‘சும்மா இருக்கையில் கை என்ன செய்தது?’ என்று கேளுங்கள்.

தக்கலை வாசகர் | 27 மே, காலை 5.55

இந்தக் கேள்வியை முதல் பக்கத்திலேயே சேர்த்தாகிவிட்டது. வேறு எங்கே வழுக்கும்?

தோவாளை | 27 மே, காலை 6.30

மூன்று இடத்தில். ஒன்று, இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் காலை நேரம் சுருங்கும், மாலை நேரம் வீங்கும். நாளில் மூன்றுமுறை, சாப்பாட்டுக்குப் பின் நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு, வடசேரியில் பஸ்ஸுக்கு நின்ற 25 நிமிடத்தை யாரும் எழுதமாட்டார்கள். வேலைக்குப் போகும் பயணமும் அதற்கான காத்திருப்பும் வேலையோடு சேரும். மூன்று, ஒரே ஒரு நாளை எடுத்தால் எதுவும் புரியாது. ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு, இரண்டும் வேண்டும்.

மார்த்தாண்டம் | 28 மே, இரவு 9.05

சட்டம் எதை ஓய்வென்கிறது என்று பார்த்தீர்களா? 1948 தொழிற்சாலைச் சட்டம் விதித்தது இது: நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் அரைமணியாவது விடவேண்டும். இடைவேளையையும் சேர்த்து மொத்த நீட்டம் பத்தரை மணி. வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷம் 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதே 1948-ல் டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு ஓய்வையும் ஒழிவையும் இரண்டு தனிச் சொல்லாக எழுதி இரண்டும் உரிமை என்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் அதற்குள் வைத்தது. தொழிற்சாலைச் சட்டம் தந்ததில் பெரும்பகுதி முதலாவதான ஓய்வு. அந்த அரைமணி அடுத்த நாலு மணி நேரம் கை ஓடுவதற்கானது. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போலத்தான் அதுவும்.

அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், இது நன்றாகத் தெரியும். உடைப்பு, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு என்று வேலை. உடைப்பவர் கையில் தோட்டின் எண்ணெய் பட்டால் புண்ணாகும், அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். கூலி கிலோவுக்கு. கடிகாரம் இடைவேளை என்று சொன்னாலும் தட்டு குறைந்தால் கூலி குறையும். எழுந்து போகாதே என்று யாரும் சொல்லவில்லை, எழுந்தால் காசு போகிறது. டீச்சரின் ‘யார் எழுப்பலாம்’ கேள்விக்கு இங்கே விடை ‘யாரும் இல்லை’ என்றே வரும். அது பொய்யான விடை.

தேரூர் டீச்சர் | 29 மே, காலை 6.20

ஒப்புக்கொள்கிறேன். கேள்வி அரைகுறை. எழுப்ப ஆள் இல்லாவிட்டாலும் கூலி எழுப்பும். மறுபுறமும் பாருங்கள்: பேரப்பிள்ளை வந்து ‘ஆச்சி, வா’ என்று இழுத்தால் அதுவும் எழுப்புதல்தான், அதனால் அந்த மாலை ஓய்வில்லாமல் போய்விடுமா? மாற்றிக் கேட்கலாம்: எழுந்திருக்க மறுத்தால் என்ன போகும்? பேரன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கிக்கொள்வான். அண்டியாபீஸில் கூலி போகும். ரப்பரில் ஒருநாள் பால் போகும்.

இன்னொன்று, சொல் பற்றித்தான். பள்ளியிலும் ஓய்வு இருக்கிறது. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி எல்லாம் படுக்கையைச் சொல்பவை. சமண முனிவர் தங்கிய இடத்துக்கும் பள்ளி என்று பெயர். கல்விக்கூடமும் பள்ளி. நம் சிதறால் மலைக்குப் போனால் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். கிரேக்கத்திலும் ஸ்கோலே என்றால் ஒழிவு, ஐரோப்பிய மொழிகளில் பள்ளிக்கூடத்துக்கு வழங்கும் சொல் அதிலிருந்துதான் வந்தது. இரண்டு மொழிக்கும் தொடர்பில்லை, ஆனால் இரண்டிலும் கற்பதற்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடத்துக்கும் ஒரே கூரை.

குளச்சல் துறை | 29 மே, பகல் 1.30

அந்தக் கூரைக்குக் கீழே இப்போது டியூஷன் நடக்கிறது டீச்சர். ஜூன் 2 பள்ளி திறந்தால் காலை 6-க்கு ஒரு டியூஷன், மாலை 5-க்கு ஒன்று. 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு குழந்தைக்கு ஓய்வு, ஒழிவு, விளையாட்டு மூன்றையும் தனித்தனியே உரிமை என்கிறது. படிவத்தில் பிள்ளைகளையும் சேருங்கள், 6 வயதிலிருந்தே.

கோட்டாறு | 31 மே, இரவு 11.00

உள்ளூர் விடுமுறையை யாரும் தொடவில்லை. டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கு விடுமுறை விடுவார்கள். அதே ஆணையில் கீழே ஒரு வரி இருக்கும்: அதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலைநாள். இன்னொரு வரி: இது வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881 செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் கருவூலங்கள் குறைந்த ஆட்களோடு இயங்கும். ஆக அரசு அந்த நாளைக் கொடுக்கவில்லை, இடம் மாற்றி வைக்கிறது. ஆனாலும் அதன் மதிப்பு குறைவில்லை. ஊரே ஒரே நாளில் விடுபடுவது வேறு, ஆளாளுக்கு வேறு வேறு நாளில் லீவு கிடைப்பது வேறு. துணிக்கடையில் ஒருவருக்கு செவ்வாய், ஒருவருக்கு புதன் என்று வாரவிடுமுறை சுற்றும். வீட்டில் எல்லாரும் இருக்கிற ஞாயிறு அவர் கடையில் நிற்பார். மணிக்கணக்கில் 24 சரியாக இருக்கும். ஆனால் அன்று வீட்டில் பேச ஆளிருக்காது.

நிற்பார் என்றேன். விற்பனைக்கு நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததே 2021-ல்தான்.

மார்த்தாண்டம் | 1 ஜூன், காலை 7.50

கோட்டாறு அண்ணன் சொன்ன ‘ஒரே நாள்’ விஷயம் 2023-ல் பெரிதாக வந்தது. ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய தொழிற்சாலைத் திருத்த மசோதா 12 மணி நேர வேலைக்கு வழி விட்டது. நாலு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்பது அதற்குச் சொன்ன நியாயம். 4 பெருக்கல் 12 என்றாலும் 48-தான். எதிர்ப்பு எழுந்து மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். கழித்தல் கணக்கு மட்டும் போதும் என்றால் அதை எதிர்த்திருக்கவே வேண்டாம். 12 மணி நேர வேலை, இரண்டு பக்கமும் பயணம் என்றால் அந்த நாலு நாளில் ஒரு நாள்கூட மாலை இருக்காது. பிள்ளை தூங்கும் முன் வீட்டில் இருப்பதை அடுத்த மூன்று நாளில் சேர்த்து வைத்து வாங்க முடியாது.

கீரிப்பாறை | 3 ஜூன், இரவு 8.45

பனையைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது. ரப்பர் மரம் ஆளுக்கு வேலை நாளைக் குறித்துக் கொடுக்கும். பனை லீவே தராது. பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவவேண்டும். விட்டால் சீவின முகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், அக்கானி (பதநீர்) நின்றுவிடும். அதனால் பருவம் முழுக்க ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. கல்யாணம் என்றாலும் ஏறிவிட்டுத்தான் போவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு பூசுவதில் கை தவறினால் அதற்கும் விலை உண்டு: குறைந்தால் புளித்துக் கள்ளாகும், கூடினால் சுவை கெடும்.

கீழே அடுப்படியில் இருப்பவருக்கு இன்னும் இறுக்கம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு சுமார் 8 முதல் 10 லிட்டர் அக்கானி வற்றவேண்டும், இரண்டு மூன்று மணி நேரம். நடுவில் ஒருமுறை நுரை கட்டிப் பொங்கும். ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். அந்த நொடி ஆள் அங்கே இல்லையென்றால் பாதி அடுப்பில் போய்விடும். கடைசியில் பாகு இறுகும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் உருண்டால் இறக்கி, சிரட்டையில் ஊற்றவேண்டும். தாமதித்தால் தீய்ந்த வாடை ஏறும். முதல் இரண்டு மணி நேரம் கை சும்மாதான் இருக்கும். ஆனால் ‘மறுத்தால் என்ன போகும்’ என்று கேட்டால் காலையில் ஏறின ஏற்றம் முழுவதும் போகும். டீச்சரின் இரண்டாவது கேள்வி இங்கே சரியாக வேலை செய்கிறது.

கோட்டாறு | 5 ஜூன், இரவு 10.40

கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வாருங்கள். கோயில் கொடையில் விடியவிடிய வில்லுப்பாட்டு. பாடுகிறவருக்கும் வீசுகோல் பிடித்தவருக்கும் குடம், உடுக்கை, தாளக்காரருக்கும் அது பிரிவு 1. எதிரே பாயில் உட்கார்ந்தவருக்குப் பிரிவு 7. பாதியில் தூங்கிப்போனால் 9. கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பத்திலிருந்து வந்து பந்தலுக்கு மூங்கில் சுமந்தவருக்கு 5. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டமும் அப்படித்தான். முன்சிறை திருமலையில் தொடங்கி 12 சிவாலயம், கையில் விசிறியோடு, ‘கோவிந்தா கோபாலா’ என்று இரவு முழுக்க ஓட்டம். உடம்புக்கு அதில் துளி ஓய்வு இல்லை. ஆனால் யாரும் கூலிக்கு ஓடவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. வருஷத்தில் தன் இஷ்டத்துக்குச் செலவழித்த இரவு எது என்று கேட்டால் பலருக்கு விடை அந்த இரவாகத்தான் இருக்கும். இது கணக்கில் வராத படிவம் நம் மாவட்டத்துக்கு உதவாது.

தேரூர் டீச்சர் | 6 ஜூன், காலை 6.30

அருமை. ஒழிவுக்கும் உடல் இளைப்பாறலுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பிரெஞ்சு சமூகவியலாளர் ஜோஃப்ர் துமாஜெதியே ஒழிவுக்கு மூன்று பயன் சொன்னார்: களைப்பு நீங்குதல், சலிப்பு நீங்குதல், ஆள் வளர்தல். ஓட்டம் முதலாவதைத் தராது, மற்ற இரண்டையும் தரும். திண்ணையில் சாய்ந்து கிடப்பது முதலாவதை மட்டும் தரும்.

மார்த்தாண்டம் | 8 ஜூன், இரவு 9.20

போன். வீட்டில் படுத்திருக்கும் விற்பனை ஊழியரை இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக்கு இலக்கு என்ன’ என்று கேட்கிறார்கள். பதில் போட்டுமுடிய ஒரு நிமிடம். நேரக்குறிப்பில் அந்த ஒரு நிமிடம்தான் ஏறும். ஆனால் நீல டிக் விழுந்துவிடுமே என்று திறக்காமலே வைத்திருந்த முக்கால் மணி நேரம் எங்கும் ஏறாது. பிரான்ஸில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் உண்டு, ஆஸ்திரேலியாவில் 2024 முதல். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. படிவத்தில் போனுக்கு ஒரு கட்டம் வையுங்கள்: வேலைச் செய்தி வரக்கூடிய போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா?

குளச்சல் துறை | 9 ஜூன், காலை 5.40

போன் கைக்கெட்டினாலும் ஒலி அணைத்திருந்தால்?

மார்த்தாண்டம் | 9 ஜூன், காலை 6.15

சரியான கேள்வி. ‘ஒலி இருந்ததா’ என்று மாற்றுங்கள். தூரம் பொருட்டில்லை.

தோவாளை | 11 ஜூன், இரவு 10.00

வளைகுடா லீவும் மறந்துபோகக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த இரண்டு மாதத்தில் வீட்டு மராமத்து, வங்கி, தங்கச்சி கல்யாணம், கண் ஆஸ்பத்திரி என்று நாள் முழுக்கத் தீர்ந்துவிடும். சம்பள வேலை பூஜ்யம் என்பதால் அந்த ஆளுக்கும் சூத்திரம் 16 மணி நேரம் கொடுக்கும். திரும்பும் விமானத்தில் சீட்டில் சாய்ந்தபிறகுதான் அவரை யாரும் கூப்பிட முடியாத நாலு மணி நேரம் கிடைக்கும்.

தக்கலை வாசகர் | 14 ஜூன், இரவு 9.30

சூத்திரத்தைக் கைவிட்டாகிவிட்டது. திருத்திய படிவம் இது. ஒரு பக்கம் ஒரு நாள், 48 வரி, காலை 4 மணி தொடக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டம்: முதன்மையாக என்ன நடந்தது, கை வேறென்ன செய்தது, கூட யார், எழுந்திருக்க மறுத்திருந்தால் என்ன போயிருக்கும், வேலைப் போனில் ஒலி இருந்ததா. நாலாவது கட்டத்தில் ‘ஒன்றும் போகாது’, ‘யாராவது வருத்தப்படுவார்கள்’, ‘காசு அல்லது பொருள் போகும்’ என்று மூன்று விடை. முதல் இரண்டும் ஒழிவு, மூன்றாவது இல்லை. உடம்பு களைத்ததா என்று கேட்கவே இல்லை, கோட்டாறு அண்ணன் சொன்ன ஓட்டத்துக்காக. வேலை நின்றது மழையாலோ கடலாலோ தடையாலோ என்றால் பக்கத்தின் மேலே தனியாகக் குறிக்கவேண்டும், அந்தப் பக்கங்களை மற்றவற்றோடு கூட்டமாட்டோம். ஆளுக்கு ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு.

தேரூர் டீச்சர் | 15 ஜூன், காலை 6.10

‘யாராவது வருத்தப்படுவார்கள்’ என்பதை அப்படியே ஒழிவில் சேர்த்துவிடாதீர்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அது மறுக்க முடியாத வருத்தம். சோறு பொங்காவிட்டால் காசு போகாது, பொருளும் போகாது, வருத்தம்தான் வரும். அந்த 289 நிமிடத்தில் பெரும்பகுதியை ஒழிவாக மாற்றிவிடும் உங்கள் கட்டம். ‘அந்த வேலையை வேறு யாராவது செய்திருப்பார்களா?’ என்று பக்கத்தில் ஒரு கேள்வி வையுங்கள். இல்லை என்றால் அது ஒழிவு இல்லை.

தக்கலை வாசகர் | 15 ஜூன், காலை 7.00

சேர்த்துவிட்டேன் டீச்சர். ஆறு கட்டமாயிற்று. பக்கத்தை அகலவாக்கில் அச்சடிக்கவேண்டும்.

கீரிப்பாறை | 15 ஜூன், காலை 7.25

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்று. காலை 4 மணிக்குத் தொடங்கினால் பால் வெட்டும் ஆள் அப்போது நூறாவது மரத்தில் நிற்பார். அவருடைய ஒரு வேலை இரண்டு பக்கமாக உடையும், முதல் பக்கத்தின் கடைசியில் இருப்பது முந்தைய வேலையா அடுத்த வேலையா என்று தெரியாது. தொடக்க நேரத்தை அச்சடிக்காமல் காலியாக விடுங்கள். அவர் எழுந்த நேரத்தை முதல் வரியில் அவரே எழுதட்டும், அங்கிருந்து 48 வரி.